அடுத்து யாருக்குக் கொடுப்பாய்? பள்ளி வாசிப்புக்கான இணையக் கருவிகள்: ஓர் ஒப்பீடு

ஒட்டன்சத்திரம் பக்கத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் தமிழ் ஆசிரியையாக இருக்கிறேன். எங்கள் நூலகம் என்பது மூன்று இரும்பு பீரோக்கள். உள்ளே இருப்பவை நல்ல புத்தகங்கள்தாம். நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளாகப் பிரித்து, தமிழக அரசின் வாசிப்பு இயக்கத்தில் வந்த சின்னப் புத்தகங்கள், நேஷனல் புக் டிரஸ்ட் வெளியீடுகள், திண்டுக்கல் புத்தகத் திருவிழாவில் ஆசிரியர்கள் காசு போட்டு வாங்கியவை, கட்டுக்கட்டாகத் தேன்சிட்டு மாணவர் இதழ்கள். வாரம் ஒரு நூலகப் பாடவேளையும் உண்டு. இருந்தும் ஒரு குறை தீராமல் இருந்தது. ஏழாம் வகுப்பில் ஒருத்தி ஒரே புத்தகத்தை மூன்று முறை எடுத்துப் படித்திருப்பாள். அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவளுக்கு அப்படி ஒரு புத்தகம் இருப்பதே தெரியாது. புத்தகம் யார் கைக்குப் போனது என்பது ரிஜிஸ்டரில் இருக்கும். பிடித்ததா இல்லையா என்பது எங்கும் இருக்காது.

இணையத்தில் இதற்கு வழி இருக்கும் என்று போன கோடை விடுமுறையில் தேட ஆரம்பித்தேன். வழி நிறையவே இருந்தது. எதை எடுப்பது, எதை விடுவது என்பதுதான் கடினமாகிப்போனது. ஜூனிலிருந்து டிசம்பர் வரை சிலவற்றைப் பிள்ளைகளோடு சேர்ந்து ஓட்டிப் பார்த்தோம். சிலவற்றை நானே உள்ளே போய்ப் பார்த்துவிட்டு ஒதுக்கிவிட்டேன். இதே கேள்வியோடு இருக்கும் ஆசிரியர்களுக்கும், தெருவில் சின்னதாக ஒரு வாசிப்பு வட்டம் நடத்தும் பெற்றோருக்கும் உதவும் என்று நினைத்து எழுதுகிறேன்.

ஒப்பிடுவதற்கு முன்னால் ஒன்றைப் பிரித்துக்கொள்வது நல்லது. புத்தகப் பகிர்வு என்ற ஒரே பெயரில் மூன்று வேலைகள் நடக்கின்றன. புத்தகத்தையே திரையில் தருவது ஒன்று. படித்ததைப் பற்றிய பேச்சைப் பகிர்வது இன்னொன்று. எந்தப் புத்தகம் இப்போது யாரிடம் இருக்கிறது என்று தெரியப்படுத்துவது மூன்றாவது. ஒரு கருவி இதில் ஏதோ ஒன்றை நன்றாகச் செய்யும், மற்றதில் கோட்டை விடும். நமக்கு எது குறைகிறது என்று முதலில் தெரிந்தால்தான் தேர்வு சரியாக அமையும். எங்களிடம் புத்தகத்துக்குப் பஞ்சமில்லை. பேச்சும் தகவலும்தான் இல்லை.

அப்புறம் எங்கள் வீடுகளின் நிலைமை. பெரும்பாலான வீட்டில் ஒரு ஸ்மார்ட்போன்தான். அது அப்பாவோடு காய்கறிச் சந்தைக்கோ அம்மாவோடு மில்லுக்கோ போய்விட்டு இரவு எட்டு மணிக்கு மேல்தான் திரும்பி வரும். சாயங்காலம் பிள்ளை தனியாக உட்கார்ந்து ஒரு தளத்தைத் திறக்கும் என்று நம்பி எதையும் தொடங்க முடியாது. பள்ளியின் ஹைடெக் லேபில் கணினிகள் உண்டு, அதுவும் பாடவேளை கிடைக்கும்போதுதான். வயது அடுத்த விஷயம். எங்கள் பிள்ளைகள் 11-லிருந்து 15 வரை. 2023-இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாத எல்லாரையும் குழந்தை என்றே வைத்துப் பேசுகிறது. அவர்களுடைய தரவைக் கையாள, சரிபார்க்கக்கூடிய விதத்தில் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. சட்டம் சொல்லாவிட்டாலும், ஒரு பதின்மூன்று வயதுப் பெண்ணின் பெயரையும் படத்தையும் ஊர் பேர் தெரியாதவர்கள் பார்க்கும் இடத்தில் போட எனக்கு மனம் வராது.

இந்த மூன்றையும் சல்லடையாக வைத்துக்கொண்டுதான் ஒவ்வொன்றையும் பார்த்தேன்.

குட்ரீட்ஸ்

முதலில் நினைவுக்கு வந்தது இதுதான், ஏனென்றால் நானே அதில் இருக்கிறேன். 2007-இல் தொடங்கிய தளம், 2013-இல் அமேசான் வாங்கியது. படித்த புத்தகம், படித்துக்கொண்டிருக்கும் புத்தகம், படிக்க விரும்பும் புத்தகம் என்று அலமாரி பிரிக்கலாம், ஐந்து நட்சத்திரம் வரை போடலாம், விமர்சனம் எழுதலாம். பெரியவர்களின் நவீனத் தமிழ் இலக்கியத்துக்கு அங்கே நல்ல உரையாடல் உண்டு. தமிழிலேயே நீளமாக எழுதுகிறார்கள். ஒரு நாவலை வாங்குவதற்கு முன் நான் அங்கே ஒரு பார்வை பார்ப்பது வழக்கம்.

பள்ளிக்கு அது ஒத்துவரவில்லை. 13 வயதுக்குக் கீழே கணக்கு வைக்கக் கூடாது என்பதால் ஆறாம், ஏழாம் வகுப்பு அப்படியே வெளியே நிற்கும். தளம் முழுக்க ஆங்கிலத்தில் இருக்கிறது. எங்கள் பீரோவில் உள்ள சிறுவர் புத்தகங்களைத் தேடிப் பார்த்தேன். பல அங்கே இல்லை, இருப்பவையும் தலைப்பை ஆங்கில எழுத்தில் ஒரு தடவை ஒரு மாதிரியும் இன்னொரு தடவை வேறு மாதிரியும் எழுதி இரண்டு மூன்று பதிவாகக் கிடக்கின்றன. இல்லாததை நாமே சேர்க்கலாம்தான், நூற்றுக்கணக்கில் யார் சேர்ப்பது? எல்லாவற்றையும் விட, அந்தத் தளத்தில் ஒரு புத்தகம் நன்றாக இருக்கிறது என்று சொல்பவர் எங்கோ இருக்கிறார், புத்தகம் இன்னும் எங்கோ இருக்கிறது. பிள்ளைக்கு ஆசை வருகிற நேரத்தில் புத்தகம் கைக்கு எட்ட வேண்டும். ஆசை ஒரு வாரம் காத்திருக்காது, அந்த வயதில்.

பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு நடத்தும் பள்ளிகளில், பெற்றோர் சம்மதத்தோடு, தனிக் குழுவாக இதை முயன்று பார்க்கலாம். அதற்குக் கீழே வேண்டாம் என்பது என் முடிவு.

இதே வகையைச் சேர்ந்த லைப்ரரிதிங் 2005-லிருந்து இருக்கிறது. பட்டியல் போடுவதற்கு அருமையான கருவி. ஆனால் அது புத்தகத்தை நேசிக்கும் பெரியவர்களின் கருவி. ஆசிரியர் தன் வீட்டுப் புத்தகங்களை ஒழுங்குபடுத்த எடுத்துக்கொள்ளலாம்.

எண்ணிக்கையைப் பற்றி ஒரு சொல்

குட்ரீட்ஸில் ஆண்டுதோறும் ஒரு வாசிப்புச் சவால் உண்டு. இந்த ஆண்டு இத்தனை புத்தகம் என்று நாமே இலக்கு வைத்துக்கொண்டு எண்ணிக்கொண்டே போகலாம். பல வாசிப்புச் செயலிகளும் இதே வழியில் புள்ளி, பதக்கம், முதலிடம் என்று போகின்றன. அதைப் பார்த்துவிட்டு ஜூலையில் நானும் ஒரு பட்டியல் தொடங்கினேன். வகுப்புக்குள் ஒரு விளக்கத்தாள், ஒரு புத்தகம் முடித்தால் ஒரு நட்சத்திரம். மூன்று வாரத்தில் பதினாறு பக்கப் புத்தகங்கள் எல்லாம் பீரோவை விட்டுப் பறந்துவிட்டன. தடித்த புத்தகங்களைத் தொட ஆளில்லை. எட்டாம் வகுப்பில் ஒரு பெண் மெதுவாகத்தான் படிப்பாள், ஆனால் படித்ததை வரி வரியாக நினைவில் வைத்திருப்பாள். அவள் பெயருக்கு நேரே இரண்டே நட்சத்திரம். நான்காவது வாரம் அவள் புத்தகம் எடுப்பதையே நிறுத்திவிட்டாள். அன்றே அந்தத் தாளைக் கழற்றினேன். அவளை மறுபடி பீரோ பக்கம் வரவைக்க ஒரு மாதம் ஆனது.

ஆகவே, எந்தக் கருவியைப் பார்த்தாலும் நான் கேட்கும் முதல் கேள்வி இது: இது எண்ணிக்கையை முன்னால் வைக்கிறதா, புத்தகத்தையா? எண்ணிக்கைப் பட்டியலை மறைத்து வைக்க வழியில்லாத செயலியை நான் எடுக்க மாட்டேன்.

ஸ்டோரிவீவர்

இது புத்தகத்தையே தரும் வகை. பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015 செப்டம்பர் 8, உலக எழுத்தறிவு நாளன்று தொடங்கியது. படக்கதைகள், நான்கு வாசிப்பு நிலைகளாகப் பிரித்தவை. தமிழில் ஏராளமாகக் கிடைக்கின்றன. படைப்பாக்கப் பொதும (கிரியேட்டிவ் காமன்ஸ்) உரிமத்தில் வருவதால் யாரையும் கேட்காமல் தரவிறக்கலாம், அச்சிடலாம், மொழிபெயர்க்கலாம், மாற்றியும் எழுதலாம். கதையையும் படத்தையும் உருவாக்கியவர்களின் பெயரைச் சொன்னால் போதும். உரிமை விஷயத்தில் இவ்வளவு தெளிவான இடம் எனக்கு வேறு கிடைக்கவில்லை.

ஆறாம் வகுப்புக்கு வந்தும் எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளைகள் எல்லாப் பள்ளியிலும் இருக்கிறார்கள். அவர்களிடம் பாடப்புத்தகத்தை நீட்டினால் முகம் வாடும். முதல் நிலைக் கதை ஒன்றில் ஒரு பக்கத்துக்கு ஒன்றிரண்டு வரி, மீதி முழுக்கப் படம். அதைப் படித்து முடிக்கும்போது 'ஒரு புத்தகத்தை முடித்துவிட்டேன்' என்ற நிறைவு கிடைக்கிறது. லேபில் பெரிய திரையில் போட்டு ஆளுக்கொரு பக்கமாக வாசிக்க வைத்தேன். பிறகு கறுப்பு வெள்ளையில் அச்சிட்டு, பிள்ளைகளையே வண்ணம் தீட்டச் சொல்லி, தைத்துக் கொடுத்தேன். அப்படிச் செய்த கதைகள் வீட்டுக்குப் போய்த் தம்பி தங்கைகளுக்கும் படித்துக் காட்டப்பட்டன.

இன்னொரு வழியும் அதில் இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. மொழிபெயர்க்கும் வசதி. ஓர் ஆங்கிலக் கதையை எடுத்து, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் நாலு பேர் சேர்ந்து, எங்கள் ஊர்ப் பேச்சு மொழியில் தமிழாக்கினார்கள். 'அவன் சந்தோஷமாக இருந்தான்' என்று எழுதுவதா, 'அவனுக்குக் கால் தரையில் பாவவில்லை' என்று எழுதுவதா என்று அரைமணி நேரம் வாக்குவாதம். என் பதினெட்டு வருட ஆசிரியப் பணியில் ஒரு வாக்கியத்துக்காகப் பிள்ளைகள் இப்படிச் சண்டை போட்டு நான் பார்த்தது குறைவு. தளத்தில் ஏற்றவில்லை, நோட்டிலேயே செய்தோம், அதனால் யாருக்கும் கணக்கு தேவைப்படவில்லை.

குறையும் சொல்லிவிடுகிறேன். யார் வேண்டுமானாலும் மொழிபெயர்க்கலாம் என்பதால் தமிழின் தரம் ஒரே சீராக இல்லை. எழுத்துப் பிழையும் இயந்திரத்தனமான வாக்கியமும் உள்ள கதைகள் நடுவில் வந்துவிடும். கொடுப்பதற்கு முன் ஆசிரியர் ஒருமுறை படித்தே ஆக வேண்டும். எட்டாம் வகுப்புக்கு மேல் நன்றாகப் படிக்கும் பிள்ளைகளுக்கு இது பத்தாது. நான்காம் நிலைக் கதையையே ஒரே மூச்சில் முடித்துவிட்டு 'வேற?' என்று நிற்பார்கள்.

புத்தகத்தைத் திரையில் தரும் மற்ற இடங்களைப் பற்றிச் சுருக்கமாக. 2023-24 மத்திய நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்ட, குழந்தைகளுக்கும் வளரிளம் பருவத்தினருக்குமான தேசிய மின்னூலகம் நேஷனல் புக் டிரஸ்ட் மூலம் நடக்கிறது. வயதுவாரியாகப் பிரித்திருக்கிறார்கள், சொந்தமாகக் கருவி வைத்திருக்கும் பிள்ளைக்கு நல்ல இடம். தமிழ் இலக்கியங்களை மின்னூலாக்கித் தரும் மதுரைத் திட்டம் 1998 பொங்கலன்று தொடங்கி இன்றுவரை தன்னார்வலர்களால் நடப்பது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும் அப்படியே பெரிய களஞ்சியம். பாடம் நடத்த எனக்குத் தினமும் உதவுகிறவை இவை. ஆனால் பன்னிரண்டு வயதுப் பிள்ளை தானாக உள்ளே போய் ஒரு கதையை எடுத்துப் படிப்பதற்காக அமைக்கப்பட்டவை அல்ல. ஆசிரியர் தேடி எடுத்துத் தர வேண்டும்.

டெலிகிராம் பிடிஎஃப் குழுக்கள்

இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் 'புத்தகப் பகிர்வு' என்று சொன்னதும் பல ஆசிரியர்களே இதைத்தான் கைகாட்டுகிறார்கள். பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் அண்ணன் போனைக் கொண்டுவந்து காட்டினான். ஆயிரக்கணக்கில் தமிழ்ப் புத்தகங்கள், எல்லாம் ஸ்கேன் செய்தவை. எத்தனை படித்தாய் என்று கேட்டேன். ஒன்றில் பாதி, அதுவும் எழுத்து மங்கலாக இருந்ததால் விட்டுவிட்டதாகச் சொன்னான்.

நம் நாட்டில் ஒரு நூலின் பதிப்புரிமை, எழுத்தாளர் மறைந்த பிறகும் 60 ஆண்டுகள் நீடிக்கிறது. தமிழக அரசு நாட்டுடைமை ஆக்கிய நூல்களையும், பதிப்புரிமைக் காலம் முடிந்தவற்றையும், எழுத்தாளரே பொதும உரிமத்தில் தந்தவற்றையும் தாராளமாகப் பகிரலாம். ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளம் கடைசியாகச் சொன்ன அந்த வழியில்தான் மின்னூல்களைத் தருகிறது. அந்தக் குழுக்களில் வலம் வருகிறவற்றில் பெரும்பகுதி இந்த மூன்றிலும் சேராது. நம் மொழியில் சிறுவர் நூல் போடுகிறவர்கள் பெரும்பாலும் சின்னப் பதிப்பகத்தார். நூறு பிரதி விற்காமல் போனாலே அடுத்த புத்தகம் தள்ளிப்போகும். பிள்ளைகளுக்கு எழுதுகிறவர்களையே இல்லாமல் ஆக்கிவிட்டுப் பிள்ளைகளை வாசிக்க வைக்க முடியாது. வகுப்பில் இதை நேராகப் பேசினேன். ஒரு புத்தகத்தின் விலையில் எழுதியவருக்கு, படம் வரைந்தவருக்கு, அச்சகத்துக்கு, கடைக்கு என்று எப்படிப் பிரிகிறது என்று கரும்பலகையில் போட்டுக் காட்டினேன். அதன்பிறகு அந்தப் பையனே குழுவை விட்டு வெளியே வந்துவிட்டதாகச் சொன்னான்.

வாட்ஸ்அப்

போன் உள்ள எல்லா வீட்டிலும் ஏற்கெனவே இருப்பது இது ஒன்றுதான். புதிதாக எதையும் நிறுவ வேண்டாம், கற்றுக்கொடுக்க வேண்டாம். அதனால் வகுப்புப் பெற்றோர் குழுவிலேயே தொடங்கினோம்: படித்த புத்தகத்தைப் பற்றிப் பிள்ளை எழுதி அனுப்பட்டும்.

முதல் சிக்கல் எழுத்து. பிள்ளைகள் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டி 'கதை சூப்பர்' என்று முடித்துவிட்டார்கள். தமிழில் நன்றாகப் பேசுகிறவர்கள்கூட விசைப்பலகையில் இரண்டு சொல்லோடு நிற்கிறார்கள். அப்போதுதான் குரல் பதிவு செய்யச் சொன்னேன். ஒரு நிமிடத்துக்கு மேல் வேண்டாம், கதையை முழுக்கச் சொல்ல வேண்டாம், உனக்கு எந்த இடம் பிடித்தது என்று மட்டும் சொல்.

வந்த பதிவுகளை இரவில் உட்கார்ந்து கேட்டேன். பின்னால் ஆடு கத்துகிறது, மிக்சி ஓடுகிறது, யாரோ 'சத்தமாச் சொல்லுடி' என்கிறார்கள். ஒரு பதிவில், பிள்ளை சொல்லி முடித்ததும் பாட்டியின் குரல்: 'அப்பறம் அந்த நாய் என்னாச்சு?' பேத்தி சொல்கிறாள்: 'அதப் படிச்சாத்தான் தெரியும் அப்பத்தா.' அந்த வீட்டில் அப்பத்தாவுக்கு எழுத்து தெரியாது. மறுநாள் இரவு பேத்தி முழுப் புத்தகத்தையும் அவருக்குப் படித்துக் காட்டியிருக்கிறாள். நான் பார்த்த எந்தத் தளமும் இதைச் செய்யவில்லை. மில்லில் இரவு ஷிப்ட் பார்க்கும் ஓர் அம்மா இடைவேளையில் மகளின் குரலை இரண்டு முறை கேட்டதாக என்னிடம் சொன்னார். மகள் என்ன புத்தகம் படிக்கிறாள் என்று அவருக்கு அதற்கு முன்பு தெரிந்ததே இல்லை.

ஆனால் குழுவாகத் திறந்து விட்டது தவறு என்று இரண்டே வாரத்தில் புரிந்தது. குழுவில் இருக்கும் எல்லாருக்கும் எல்லாருடைய எண்ணும் தெரியும். ஒரு பெண்ணின் வீட்டு எண்ணுக்கு, குழுவில் இருந்த யாரோ ஒருவரின் உறவினர் தேவையில்லாமல் செய்தி அனுப்பினார். அவளுடைய அப்பா பள்ளிக்கு வந்து, குரலெழுப்பாமல், 'இது வேண்டாம் டீச்சர்' என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. போதாததற்கு, காலை வணக்கப் படங்களுக்கும் சான்றிதழ் அறிவிப்புகளுக்கும் நடுவில் புத்தகப் பேச்சு மேலே போய் மறைந்துவிடும். செப்டம்பரில் ஒரு பையன் பாராட்டிய புத்தகத்தை நவம்பரில் தேடினால் கிடைக்காது.

இப்போது குழுவை மூடிவிட்டு, அதே செயலியின் சேனல் வசதிக்கு மாறியிருக்கிறோம். அதில் பின்தொடர்கிறவர்கள் ஒருவர் எண்ணை ஒருவர் பார்க்க முடியாது. பதிவிடுவது ஆசிரியர் மட்டும். பிள்ளைகளின் குரலைப் பள்ளியில், பள்ளிப் போனில், நூலகப் பாடவேளையில் பதிவு செய்கிறோம். பெயர் சொல்வதில்லை, வகுப்பு மட்டும். பெற்றோரிடம் ஆண்டின் தொடக்கத்தில் கையெழுத்து வாங்கிக்கொள்ள வேண்டும் என்பதை இந்த அனுபவத்தில் கற்றேன். பாட்டியின் கேள்வி இந்த முறையில் பதிவுக்குள் வராமல் போய்விடுகிறது, அந்த இழப்பு எனக்கு வருத்தம்தான். பாதுகாப்புக்காக அதை விட்டுக்கொடுத்தேன்.

பேட்லெட்டும் கூகுள் தாளும்

கடைசியில் போட்டி இந்த இரண்டுக்கும் இடையில்தான்.

பேட்லெட் ஓர் இணைய அறிவிப்புப் பலகை. ஒவ்வொருவரும் ஓர் அட்டை ஒட்டலாம். எழுத்து, படம், குரல் எல்லாம் அதே அட்டையில் வரும். பிள்ளைகளுக்குக் கணக்கு தேவையில்லை, இணைப்பு இருந்தால் போதும். ஆசிரியர் பார்த்து ஒப்புதல் தந்த பிறகே அட்டை வெளியில் தெரியும்படி அமைக்கலாம். பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்தது இதுதான். புத்தக அட்டையைப் படமெடுத்து, பக்கத்தில் தங்கள் குரலையும் வைத்து, வண்ணம் மாற்றி அழகு பார்த்தார்கள். இலவசக் கணக்கில் சில பலகைகள் மட்டுமே வைக்கலாம் என்பது ஒரு தடை. பலகை நிறைய நிறையப் பழையது கீழே போய்விடுவது இன்னொன்று. முக்கியமான குறை, அந்தப் புத்தகம் இன்று பீரோவில் இருக்கிறதா என்பதை அது சொல்லாது. பலகையைப் பார்த்துவிட்டு ஆசையாக ஓடி வந்த பிள்ளை, புத்தகம் வேறு யாரிடமோ இருக்கிறது என்று தெரிந்து வெறுங்கையோடு திரும்பியது பல முறை நடந்தது.

கூகுள் தாள் (கூகுள் ஷீட்ஸ்) என்ற இணைய அட்டவணை பார்க்க அழகில்லை. ஒரு கணக்குப் புத்தகம் போலத்தான் இருக்கும். ஆனால் எங்கள் மூன்றாவது தேவையை, புத்தகம் இப்போது யாரிடம் என்பதை, அது ஒன்றுதான் தீர்த்தது. பீரோ எண், புத்தகத்தின் பெயர், எழுதியவர், இப்போது யாரிடம், எப்போது திரும்பும் என்று ஐந்து கட்டங்கள். பிள்ளையின் பெயருக்குப் பதில் வகுப்பும் வரிசை எண்ணும். எல்லாரும் பார்க்கலாம், திருத்துவது இரண்டு மாணவ நூலகர்களும் நானும் மட்டும். ஒரு கூகுள் படிவத்தை அதோடு இணைத்து, மின்னஞ்சல் கேட்கும் அமைப்பை அணைத்துவிட்டால், பிள்ளைகள் கணக்கே இல்லாமல் லேபிலிருந்து நிரப்பலாம். குரல் கோப்பை அந்தப் படிவத்தில் ஏற்ற முடியாது, அதற்குக் கூகுள் கணக்கில் நுழையச் சொல்லும். குரலுக்கு வாட்ஸ்அப் சேனல் இருப்பதால் எங்களுக்கு அது இடைஞ்சலாக இல்லை. தட்டச்சு வராத பிள்ளைகளுக்கு, ஆசிரியர் போனில் கூகுள் விசைப்பலகையின் குரல்வழித் தட்டச்சைப் போட்டுக் கொடுத்தால் பேசுவதைத் தமிழில் எழுதித் தருகிறது. பிழைகளைப் பிள்ளையே திருத்த வேண்டும், அது ஒரு நல்ல தமிழ்ப் பயிற்சியும்கூட.

ஆறாவது கட்டம்தான் தாளை உயிருள்ளதாக்கியது. முதலில் அதற்கு 'கருத்து' என்று தலைப்பு வைத்திருந்தேன். 'நன்று', 'மிக நன்று' என்று நிரம்பியது. அதை மாற்றி, 'இதை அடுத்து யாருக்குக் கொடுப்பாய், ஏன்?' என்று வைத்தேன். 'ஏழு பி, பன்னிரண்டுக்கு. அவளுக்கும் பல்லி என்றால் பயம்.' 'என் தம்பிக்கு. அவன் இன்னும் யாரோடும் பேச மாட்டான், இதில் வருகிற பையனும் அப்படித்தான்.' 'கணக்கு சாருக்கு. அவர் கோபப்படுகிற இடம் ஒன்று இருக்கிறது.' கணித ஆசிரியர் அந்தப் புத்தகத்தை எடுத்துப் படித்துவிட்டு, அதை எழுதிய பையன் சொன்ன இடம் எது என்று கண்டுபிடித்துச் சொன்னார். தன் எண் அந்தக் கட்டத்தில் வந்த பிள்ளை அந்தப் புத்தகத்தைப் படிக்காமல் விட்டதை நான் இதுவரை பார்க்கவில்லை. முன்பின் தெரியாத ஆயிரம் பேர் ஐந்து நட்சத்திரம் போடுவதும், தன்னை நன்றாகத் தெரிந்த ஒருத்தி 'இது உனக்கு' என்று சொல்வதும் ஒன்றல்ல.

இதே எண்ணத்தைத் திரைக்கு வெளியிலும் கொண்டுபோனோம். புக்கிராசிங் என்ற இயக்கம் 2001-இல் தொடங்கியது. ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஓர் எண் கொடுத்து, பொது இடத்தில் விட்டுச் சென்று, அது யார் யார் கைக்குப் போகிறது என்று இணையத்தில் பின்தொடர்வார்கள். பேருந்து நிலையத்தில் புத்தகத்தை விட்டுவரச் சொல்லும் நிலையில் எங்கள் பீரோ இல்லை. கைமாறுவதைப் பின்தொடரும் யோசனையை மட்டும் எடுத்துக்கொண்டோம். புத்தகத்தின் உள் அட்டையில் ஒரு சீட்டு ஒட்டி, படித்தவர்கள் வரிசையாகக் கையெழுத்துப் போடுகிறார்கள். போன் இல்லாத வீட்டுப் பிள்ளைக்கும் அந்தச் சீட்டு தெரியும்.

எங்கள் முடிவும், உங்களுடையது வேறாகக்கூடிய இடங்களும்

கூகுள் தாள் முதுகெலும்பு, வாட்ஸ்அப் சேனலில் வாரம் மூன்று குரல் பதிவு, ஆறாம் வகுப்புக்கு ஸ்டோரிவீவர் அச்சுப் பிரதி. பேட்லெட்டை ஆண்டுக்கு இரண்டு முறை, புத்தகத் திருவிழாவை ஒட்டியும் ஆண்டு விழாவுக்கும் எடுத்துக்கொள்கிறோம். குட்ரீட்ஸ் எனக்கு மட்டும்.

உங்கள் பள்ளியில் ஒவ்வொரு பிள்ளைக்கும் டேப்லெட் இருந்தால் பேட்லெட்டை முன்னால் வையுங்கள், குரலும் படமும் ஒரே இடத்தில் கிடைக்கும். நூலகத்தில் ஐம்பது புத்தகத்துக்கு மேல் இல்லை என்றால் தாள் வேண்டாம், அந்த நேரத்தை ஸ்டோரிவீவர் கதைகளை அச்சிடுவதில் செலவிடுங்கள். முதலில் புத்தகம் சேரட்டும். அடுக்குமாடிக் குடியிருப்பில் பத்துப் பதினைந்து வீடுகள் சேர்ந்து நடத்தும் வட்டமாக இருந்தால், வீட்டு எண்ணையே புத்தகத்தின் முகவரியாகப் போட்டு ஒரு தாள் போதும். பிள்ளை படியிறங்கிப் போய்க் கதவைத் தட்டிப் புத்தகம் கேட்கும்.

வேலை எவ்வளவு என்று கேட்கிறவர்களுக்கு: பட்டியல் ஏற்றுவதுதான் பாரம். நாங்கள் ஒரு பீரோவை மட்டும் முதலில் ஏற்றினோம், அதற்கே லேபில் நான்கு பாடவேளை ஆனது. மூன்றையும் ஒரே மூச்சில் தொடங்கியிருந்தால் ஆகஸ்டிலேயே விட்டிருப்போம். அதன்பிறகு வாரத்துக்கு ஒரு மணி நேரத்துக்குள் முடிகிறது. இப்போது தாளைப் பார்த்துக்கொள்பவர்கள் ஒன்பதாம் வகுப்பு மாணவ நூலகர்கள் இருவர். மார்ச்சுக்குள் எட்டாம் வகுப்பில் இரண்டு பேருக்குக் கற்றுக்கொடுத்துவிட்டுத்தான் அவர்கள் பத்தாம் வகுப்புக்குப் போக வேண்டும் என்பது ஏற்பாடு. யாரிடம் ஒப்படைப்பது என்று நான் சொல்லவில்லை. அவர்களே ஆறாவது கட்டத்தில் இரண்டு எண்களை எழுதி வைத்திருக்கிறார்கள், அதில் ஒன்று அந்த இரண்டு நட்சத்திரப் பெண்ணுடையது.